பிந்தி வந்த டிரம்ஸ்

"நீ டக்குனு அடிச்சா எனக்கு டக்குனு கேக்கணும் மாப்ள. இங்க அடுத்த வாரம்தான் வந்து சேருது!"

பல் டாக்டர் வயலினைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டு லேப்டாப்பை முறைத்தார். திரையில், கடல் தாண்டி வேறொரு கண்டத்தில், அவருடைய தங்கை புருஷன் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மச்சான். உங்க நெட்தான் நொண்டுது."

அன்று டாக்டரின் அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "மகனும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சொந்தபந்தமெல்லாம் வீடியோவில் வந்துவிடும் நேரம். ஒத்திகையிலோ வயலின் கிழக்கே போனால் டிரம்ஸ் மேற்கே போனது.

டாக்டர் படுக்கையறைக்கு ஓடினார். மனைவி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள்.

"கொஞ்சம் நெட்டை விட்டுக் குடேன். உன் மீட்டிங்லதான் என் டிரம்ஸ் மாட்டிக்குது."

"ஏங்க, மேனேஜர் பேசிட்டிருக்கார்!"

"அவர் பேசி என்ன ஆகப்போகுது? தாளமா போடறார்?"

"இல்ல சார், போடல" என்றது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு குரல்.

மனைவி மீட்டிங்கை மூடினாள். வாயையும் மூடிக்கொண்டாள். பின்னது ஆபத்தானது என்று டாக்டருக்குத் தெரியும். ஆனால் நேரமில்லை.

டிரம்ஸ் அப்போதும் பிந்தித்தான் வந்தது.

"மோடம் பக்கத்துல போய் உக்காருங்க மச்சான்."

மோடம் சமையலறையில், ஃப்ரிட்ஜ் தலைமேல் இருந்தது. டாக்டர் லேப்டாப்போடு போய், ஸ்டூல் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது பிந்தி வரும் டிரம்ஸோடு ஃப்ரிட்ஜும் "ம்ம்ம்" என்று சுருதி போட்டது. அதை அணைத்தார். உள்ளே இருந்த ஐஸ்கிரீம் தன் விதியை நொந்துகொண்டு உருக ஆரம்பித்தது.

"அப்ப ஒயரை நேரா குத்திப் பாருங்களேன்."

மோடத்திலிருந்து ஹால் வரைக்கும் ஒயரை இழுத்தார் டாக்டர். அது சரியாகக் கணுக்கால் உயரத்தில் விறைப்பாக நின்றது. மனைவி கேக்கோடு வந்தாள். அவள் எப்படியோ சுவரைப் பிடித்துத் தப்பித்தாள். கேக் நேராக அப்பாவின் மடியில் இறங்கியது.

அப்பா விரலால் தொட்டு நக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்போ?"

அதற்குள் திரை முழுக்கச் சொந்தக்கார முகங்கள். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் சொதப்பிவிட்டால்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. டிரம்ஸ் பிந்தி வருகிறதா? நாம் கொஞ்சம் முந்திப் போனால் அங்கே சரியாகப் போய்ச் சேரும்! யாரிடமும் சொல்லாமல் முந்தினார்.

அதே யோசனை மாப்பிள்ளைக்கும் வந்தது. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இவர் முந்த, அவர் அதைவிட முந்த, தாலாட்டுப்போல ஆரம்பித்த பாட்டு நாய் துரத்தியதுபோல ஓடியது. வயலின் வில்லின் மயிரிழைகள் பிய்ந்து காற்றில் ஆடின. அங்கே ஒரு குச்சி கைநழுவிப் பறந்தது. பாட்டு பாதி நேரத்திலேயே முடிந்தது. அதுவும் இருவருக்கும் தனித்தனியாக.

திரையில் ஒரு முகம்கூட அசையவில்லை.

"பாத்தீங்களா, நெட் உறைஞ்சு போச்சு!" என்றார் டாக்டர்.

"இல்லப்பா, நாங்கதான் உறைஞ்சு போயிட்டோம்" என்றாள் திரையிலிருந்த சித்தி.

டாக்டர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின.

"மன்னிச்சுக்குங்கப்பா. இந்தப் பாழாப்போன இன்டர்நெட்டு..."

"ஆமா மாமா, எல்லாம் இந்த நெட்டால வந்தது" என்றார் மாப்பிள்ளையும், முதல் தடவையாக ஒரே தாளத்தில்.

பறந்த குச்சியைப் பொறுக்கிக்கொண்டு தங்கை திரைக்குள் தலையை நீட்டினாள்.

"ஏன் அண்ணா இன்டர்நெட்டைத் திட்டறே? காலேஜ் விழாவுல நீங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில ஒட்டி உக்காந்து வாசிச்சப்பவும் இதே கூத்துதானே! அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்ச அப்பா, இன்னொரு தடவை அப்படிச் சிரிக்கணும்னுதானே உங்களை வாசிக்கவே சொன்னார்!"