ஜன்னலைப் பிடித்த ஆரஞ்சு

மரமா, நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று லிஃப்ட் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை. அதனால் சத்தமாகச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்து அறையில் மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மரம் என்றால் பெரிய மரம் இல்லை. தொட்டியில் நிற்கும் குட்டி ஆரஞ்சு. இடுப்பு உயரம். வாசனைக்கும் அழகுக்கும் வளர்ப்பது. பழத்தைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். அந்த ஊரிலோ வருஷத்தில் எட்டு மாதம் குளிர். வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பது ஒரே ஒரு ஜன்னலில். அதன் அடியில் பதினோரு வருஷமாக அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை அதில் சாய்ந்து முழங்காலுக்கு வெயில் காட்டுவார். போன மாதம் மரம் வந்தது. நாற்காலி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"எனக்கும்தான் வெயில் வேணும்" என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க என்ன, பூக்கவா போறீங்க?" என்றாள் மனைவி.

அவர் செருப்பு அலமாரிப் பக்கமே போய்ச் சாய்ந்தார்.

மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். வீட்டிலும் எதையும் வேளை, அளவு குறிப்பிட்டுத்தான் சொல்வாள். அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று விரலை நீட்டினாள்.

"மரத்தை பால்கனிப் பக்கம் கொண்டு போயிடாதீங்க. குளிர் பட்டா அவ்வளவுதான்."

"நான் எதுக்குக் கொண்டு போறேன்?"

"சொல்றேன். அதுவும் காலைல எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க."

நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டின் கதவு தானாகத் திறந்த மாதிரி இருந்தது அவருக்கு. கொல்லும் வழி, கொல்லும் நேரம் இரண்டையும் எதிரியே எடுத்துக் கொடுக்கிறாள்! மனைவியின் தலை தெருமுனையில் மறைந்ததும் தொட்டியைக் கட்டிப் பிடித்தார். சிமெண்டு மூட்டை கனம். தினம் ஊரையே ஏற்றி இறக்குகிறவர் ஒரு தொட்டியை வாசப்படி தாண்டி ஏற்ற முடியாமல் முக்கினார், முனகினார். பால்கனியில் வைத்துவிட்டு, "செத்துத் தொலை" என்று இலையிடம் ரகசியமாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மறுபடி உள்ளே தூக்கி வைத்து, தரையைத் துடைத்து, எதுவும் தெரியாதவராக வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் மேல்மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மேல்வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, மரத்தைக் காத்தாட விட்டிருக்கீங்களா?"

"தூ... தூசி தட்டலாம்னுக்கா."

"நல்லாத் தட்டுங்க. அவசரப்பட்டு உள்ள எடுத்துடாதீங்க. உங்க வீட்டுல நான் மூச்சு விட மாட்டேன்."

எவ்வளவு நல்ல மனுஷி என்று அவருக்குக் கண் கலங்கியது. ஒருநாள் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. இன்றோடு கதை முடிந்தது என்று அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், "தம்பி, நான் பால்கனி கழுவப் போறேன், தண்ணி கீழதான் ஊத்தும், இன்னிக்கு வேணாம்" என்றாள் அதே அக்கா. உறைபனியில் யார் பால்கனி கழுவுவார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. இடுப்பு வலியில் யோசனை ஓடாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "ஏன் வளைஞ்சு உக்காந்திருக்கீங்க?"

"லிஃப்ட் வேலை. தூக்குற வேலை."

"ஐயோ பாவம்" என்று அவளே தைலம் தேய்த்துவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பாசம் பார்த்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனாலும் மறுநாள் தூக்கினார்.

இப்படி மூன்று வாரம். மரம் சாகவில்லை. ஒரு இலைகூட வாடவில்லை. இருபத்திரண்டாம் நாள் பார்த்தால் பால்கனிக் கதவில் பூட்டு தொங்குகிறது. "குளிர் உள்ள வருதுங்க" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், கிளைக்குக் கிளை வெள்ளை மொட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனையும் விரிந்தது. வாசனை சமையலறையைத் தாண்டி, மாடிப்படி ஏறி, மேல்வீட்டு அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

"அடேயப்பா! தம்பி தூக்கித் தூக்கி வெச்சது வீண் போகலையே!" என்றாள் அக்கா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி மரத்தைப் பார்த்தாள்.

"செடி விக்கிறவர் சொன்னார்" என்றாள் சாவகாசமாக. "மூணு வாரம் அளவாக் குளிர் காட்டினாத்தான் பூக்குமாம். உறைபனி மட்டும் ஆகாதாம். அதுக்குத்தான் அக்காவைப் பாத்துக்கச் சொன்னேன். என்னால அந்தத் தொட்டியை அசைக்கக்கூட முடியலை."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே! நான் செய்ய மாட்டேனா?"

"குளியலறை பல்பை மாத்தச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு மாசமா இருட்டுலதான் குளிக்கிறோம். இதைச் செய்யாதீங்கன்னேன். மூணு வாரம் விடாமச் செஞ்சீங்க."

மேல்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கௌரவமாக எழுந்து நின்றார். இடுப்பு பாதிக்கு மேல் நிமிரவில்லை.

"சரி, பூத்தாச்சு இல்ல? இனிமே இதுக்கு நான் எதுவும் செய்ய மாட்டேன்!"

மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்து, மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வீட்டுக்குள்ள தேனீ வராதுங்க. காய் பிடிக்கணும்னா இதால ஒவ்வொரு பூவையும் தொட்டுத் தொட்டு மகரந்தம் மாத்தணும். நாளைலருந்து நீங்கதான் தேனீ. ரீங்காரத்துக்குன்னு தனியா மெனக்கெட வேணாம், உங்க முணுமுணுப்பே போதும்."