மேல்கொட்டகைப் போனுக்கு மூன்று சொல்

முருகன் துணை

ஈரச்சோலை எஸ்டேட்,
சோலூர் வழி, நீலகிரி.
ஆனி 20

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய பெரியண்ணன் தங்கையா அவர்களுக்குத் தம்பி முத்துவேல் தாள் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் பரிபூரண நலம். அங்கே தாங்களும், நம் லயத்து ஆட்களும், தங்கள் சொல்லை மட்டுமே கேட்கும் அந்தக் கறுப்பு ஆடும் நலமாயிருக்கத் தோட்டத்து மாரியம்மனைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் பதினெட்டு நாள் கடல் தாண்டி, மலை ஏறி, நனைந்து வந்து சேர்ந்தது. "பாஸ்போட்டு ட்ரங்குப் பொட்டியில கெடக்கு. ஆவணிக்குள்ள கப்பல் ஏறணும். இல்லாட்டி கண்டி ஆபீசுக்குப் போயி தவணை கேட்டு எழுதிக் குடுக்கணும். நான் அங்க வரணுமா, வேணாமா? வளவளன்னு எழுதாம ஒரு வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையைக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் இப்போது கொழுந்து பறிக்கிற காட்டில் இல்லை. மலை உச்சியில் மேல்கொட்டகை என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கீழே ஃபேக்டரி வரைக்கும் ஒரு கம்பி போகிறது. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிட்டால் அது கம்பியோடு வழுக்கிக்கொண்டு கீழே போய்ச் சேரும். தள்ளிவிடுகிறவன் நான். கீழே இறக்குகிறவர் மாரப்பன், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். எங்கள் இருவருக்கும் நடுவே கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற ஒரு போன். இந்தப் போனால்தான் அத்தனை வினையும்.

மாரப்பன் ஊரில் யாரையும் ஒரு வேலை செய் என்று சொல்ல மாட்டார்களாம். நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுத்தா என்னங்க" என்றுதான் கேட்பார்கள் போலிருக்கிறது. போன மாசி மாதம் ஒருநாள் போன் அடித்தது. "ஏனுங்க முத்துவேலு, சாக்கு விடறதக் கொஞ்சம் நிறுத்துனாத் தேவலைங்களா?" என்றார். சரி, மனுஷன் நம்மையும் மதித்து யோசனை கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. வானத்தைப் பார்த்தேன், மழை வரும்போல இருந்தது, "இப்ப நிப்பாட்டுறது தேவலை இல்லீங்க" என்று யோசனை சொல்லிவிட்டு மேலும் பதினொரு சாக்கைத் தள்ளிவிட்டேன். கீழே இடமே இல்லையாம் அண்ணே! குவிந்த சாக்கெல்லாம் சரிந்து ஃபேக்டரி வராந்தாவுக்குள் போயிருக்கிறது. அங்கே குன்னூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வரிசையாகக் கோப்பை வைத்துத் தேத்தண்ணி ருசி பார்த்துக்கொண்டிருந்தாராம். இருபது வருஷமாக ருசி பார்த்துத் துப்பியே பழகிய மனிதர், அன்றைக்கு மிரண்டுபோய் ஒரு வாய் முழுங்கிவிட்டாராம்.

துரை விசாரணை வைத்தார். "அவரு என்கிட்ட யோசனைதாங்க தொரை கேட்டாரு" என்றேன் நான். மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் தெளிவாத்தானுங்க சொன்னேன். இதுக்கு மேல ஒரு மனுசன எப்படிங்க அதட்டறது?" என்றார். என் பேச்சும் சரியில்லை என்று அப்போதுதான் வெளியே வந்தது. காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நம்ம பிரட்டுக்களத்துப் பழக்கத்தில் நான் "கொக்கிய அனுப்பு!" என்று கத்தியதற்கு அவர் இரண்டு நாள் மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லையாம்.

அதனால் துரை, டீமேக்கர் லிங்கசாமி, மாரப்பன், நான், நாலு பேரும் உட்கார்ந்து போனில் பேசுவதற்கு ஒரு சட்டம் எழுதினோம். என் கையெழுத்து தங்களிடம் குட்டு வாங்கி வளர்ந்த கையெழுத்தாயிற்றே, எழுதும் வேலை எனக்கு வந்தது. சட்டம் இதுதான். "வேண்டும்" என்று சொன்னால் செய்தே ஆக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. "நல்லது" என்று சொன்னால் தக்க காரணம் இருந்தால் தவிர விடக் கூடாது. "செய்யலாம்" என்றால் அது கேட்பவன் இஷ்டம், செய்யாவிட்டாலும் குற்றமில்லை. இந்த மூன்றைத் தவிர நாலாவது பேச்சு போனில் கிடையாது. "வேண்டும்" என்பதைக் கேட்டவன் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது வருகிற வரைக்கும் சொன்னவன் போனை விட்டு நகரக் கூடாது. மாரப்பன் மட்டும், ஒவ்வொரு வேண்டுமுக்கும் பின்னால் ஒரு "ங்க" போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு அரைமணி நேரம் மன்றாடிப் பார்த்தார். துரை கொடுக்கவில்லை.

அதோடு தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. அதிகாரம் கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் எல்லாமே "வேண்டும்" ஆகிவிட்டது. ஒரே நாளில் எனக்கு வந்த வேண்டும்கள்: கொக்கி எண்ணிச் சொல்ல வேண்டும், வெற்றிலை அனுப்ப வேண்டும், மேலே வெயிலா என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவைக்குப் பிறகு எனக்கு அந்த வார்த்தை காதிலேயே விழவில்லை. துரை மறுபடி கூப்பிட்டு, கொழுந்தோ கம்பியோ உயிரோ போகிற விஷயத்துக்குத் தவிர அந்தச் சொல்லைத் தொடவே கூடாது என்று இன்னொரு வரி சேர்த்தார். இதற்குள் சட்டம் லயத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற கருப்பம்மா "கொஞ்சம் உப்புக் குடுக்கலாமே" என்று கேட்டார். லாம் என்றால் என் இஷ்டம்தானே என்று நான் கொடுக்காமல் விட்டுவிட்டேன். அதிலிருந்து எட்டு நாள் அவர் என் வாசல் பக்கமே திரும்பவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. சாக்கைக் கொக்கியில் மாட்டிப் பாதி தள்ளிவிட்டேன், போன் அடித்தது. மாரப்பன். "நிறுத்த வேண்டும்!" அவ்வளவுதான். ஏனுங்க இல்லை, ங்க இல்லை. போனைத் தொங்கவிட்டுவிட்டு, நகர்ந்த சாக்கைத் தாவிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அதை விடாமலே போனை எட்டிப் பிடித்து "நிறுத்த வேண்டும்" என்று திருப்பிச் சொன்னேன். கீழே சிக்கின சாக்கை எடுக்கப் போன லிங்கசாமியின் கால் கம்பி வந்து முடிகிற கட்டையில் மாட்டிக்கொண்டிருந்ததாம். என் சாக்கு போயிருந்தால் ஆள் இல்லை. சாயந்திரம் மாரப்பன் அத்தனை மலையும் ஏறி வந்தார். உயிர் பிழைத்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஏனுங்க, மரியாதையில்லாமப் பேசிப்போட்டனுங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது தாங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே குளிர் கொஞ்சம் அதிகம், ஆனால் பழகிவிடும். காம்பரா ஒருவனுக்குத் தாராளம், இருவருக்கும் போதும். தேயிலைச் செடி வெட்டும் தங்கள் கவ்வாத்துக் கத்தி, நான் கப்பல் ஏறின அவசரத்தில் என் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, அதைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஆகவே தாங்கள் வரலாம். வந்தால் நல்லது. ஆட்டையும் தோட்டத்தையும் விட்டுவர மனமில்லையென்றால் தவணை நீட்டிக்க எழுதிக் கொடுக்கலாம். மூத்தவர் தாங்கள், எல்லாம் தங்கள் சித்தம்.

மழையும் பனியும் தங்கள் நெஞ்சைத் தொடாதிருக்கட்டும். பெரியவர்களுக்கு என் கும்பிடும், சின்னவர்களுக்கு என் முத்தமும், ஆட்டுக்கு ஒரு பிடி புல்லும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
ரா. முத்துவேல்

பி.கு: இந்தக் கடிதத்தை மாரப்பன் சோலூரில் தபாலில் சேர்க்க வாங்கிக்கொள்ள வந்தார். ஒட்டுவதற்கு முன் சட்டப்படி எழுதியிருக்கிறேனா என்று பார்க்கச் சொல்லி நானே பெருமையாகக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க முத்துவேலு, லாம் இருக்குது, நல்லது இருக்குது. வேணுமுன்னு ஒரு எடத்துலயுங் காணமுங்களே? அண்ணன் வராட்டியும் குத்தமில்லைன்னுதானுங்க இதுல இருக்குது" என்றார். அண்ணே, மூன்று வருஷமாகத் தங்களுக்கு நான் எழுதிய கடிதம் அத்தனையும் இப்படித்தான் இருந்திருக்கும். தகப்பன் மாதிரி வளர்த்தவருக்கு "வேண்டும்" போட்டு எழுதக் கை வரவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் நலமில்லை. குளிர் பழகவில்லை. தினமும் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு ஒன்றைக் கருப்பம்மாவுக்குக் கொடுக்கிறேன். அந்தக் கத்தி அவசரத்தில் வரவில்லை. அதைத் தேடிக்கொண்டாவது பின்னால் வருவீர்கள் என்று நான்தான் எடுத்துவந்தேன்.

ஆவணிக்குள் வர வேண்டும்.

உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும்தான் அந்தச் சொல்லைத் தொடலாம் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். தாங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வருகிற வரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.