ஏழு வரிசை உருளைக்கு மண் அணைக்க வந்த மாப்பிள்ளை

பக்சாபம்பா,
ஜனவரி 19

எனக்குச் சம்பந்தி ஆகியிருக்க வேண்டிய மரியாதைக்குரிய தோன் கிரிசாந்தோ அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் என் முதுகைத் தவிர இங்கே எல்லாரும் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் ரொட்டி அடுப்பும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். மகன் மூலம் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு வட்ட ரொட்டிகளும் வந்து சேர்ந்தன. அவை யார் வயிற்றுக்குள் போயின என்பதைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோரு வருடம் நகராட்சியில் எழுத்தராக இருந்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதித்தான் பழக்கம். எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியும். பெண் கேட்டு வருகிறவன், செடி பூப்பதற்குள், மாமனார் வீட்டு உருளைக்கிழங்குக்கு ஒரு நாள் மண் அணைத்துக் காட்ட வேண்டும். இதில் எனக்குச் சுயநலமும் உண்டு, மறைக்கவில்லை. எனக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு வருடமாகக் குனிய முடியவில்லை. கொல்லைப்புறத்தில் இருப்பதே ஏழு வரிசை, அதுதான் எங்கள் வருடச் சாப்பாடு. மண் அணைக்காமல் விட்டால் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிக் கசந்துபோகும். என் மகள் நில்டாவைக் கட்டுகிறவன் வருடத்துக்கு ஒரு முறை வந்து இந்த ஏழு வரிசையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் என் ஒரே எதிர்பார்ப்பு.

தங்கள் மகன் எலியசார் வந்தார். மண்வெட்டியைக் கொடுத்தேன். வாங்கி, பணிவாக வணங்கி, அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மண்ணை வாரிச் செடியைச் சுற்றிக் குவித்து, மாவு பிசைகிற மாதிரி அமுக்கி, ஓரம் தட்டி, வழவழவென்று தடவி, உச்சியில் விரலால் ஒரு சிலுவையும் கீறினார். ஒரு செடிக்கு இத்தனை வேலை. நான் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"தம்பி, மண்ணு பொலபொலன்னு இருக்கணும்பா. கிழங்கு மூச்சு விட வேணாமா?"

"லேசா விட்டா சூடு வெளிய போயிருமே மாமா?"

"இது அடுப்பு இல்ல தம்பி!"

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கும் சிலுவை போட்டார். பக்கத்து வீட்டு பொர்துனாத்தா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏண்ணே, இதெல்லாம் எப்ப வெந்து இறங்கும்? சூடா எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்றாள். இருபது வருடமாக என்னைக் கேலி செய்யக் காத்திருந்தவள் அவள்.

மானம் போகிறதே என்று நான் உள்ளே போய் ஒரு டம்ளர் சோளக்கள் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், பாருங்கள், அவ்வளவு பெரிய குவியல்களுக்கு வரிசைக்கு நடுவே இருந்த மண் போதாமல், இவர் மண்வெட்டியை எடுத்து (அப்போதுதான் முதல் தடவையாக எடுத்தார்) சுவரின் அடியைக் கொத்தி மண் எடுத்திருக்கிறார், அது மண்சுவர், மத்தியானம் மழை வந்தது, சுவர் இரண்டு ஆள் அகலத்துக்குச் சரிந்தது, சரிந்த வழியாக பொர்துனாத்தாவின் பன்றி உள்ளே வந்தது, வந்த பன்றி சிலுவை போட்ட இரண்டு வரிசையையும் மூக்காலேயே உழுதுவிட்டது. தங்கள் மகன் கல்லை எடுக்கவில்லை, கம்பை எடுக்கவில்லை. ஆசையாகக் கூப்பிட்டு ரொட்டி போட்டார். பன்னிரண்டும் போட்டார். பன்றி இப்போது எங்கள் சமையலறை வாசலில் படுத்திருக்கிறது. நாங்கள் அதைப் பிடித்து வைத்திருப்பதாக பொர்துனாத்தா ஊரெல்லாம் சொல்கிறாள். அது போகமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

சாயங்காலம் நில்டாவைக் கூப்பிட்டு, "இவன் தோட்டத்துக்கு ஆகமாட்டான்மா" என்றேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "மண்ணணைக்க ஆள் வேணும்னா கூலிக்கு வைங்கப்பா. நான் ஒண்ணும் மண்வெட்டியக் கட்டிக்கப் போகல" என்றாள். இதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லாததால் கோபப்பட்டுக் கத்தினேன். என் மனைவி பிலோமேனா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆகவே, நன்றாக யோசித்து முடிவு செய்தபடி, இந்தச் சம்பந்தம் நமக்குள் வேண்டாம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மகனுக்கு மாவு தெரிந்த, மண் தேவைப்படாத குடும்பத்தில் நல்ல பெண் அமைய வாழ்த்துகிறேன். தங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், தங்கள் வீட்டில் ஒருவருக்கும் முதுகு வலி வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
டெமெத்ரியோ ஹுவால்பா,
நகராட்சி எழுத்தர் (ஓய்வு)

பின்குறிப்பு: தங்கள் ஊர் ஒரோபேசா பக்கம் போகிற ஆள் இன்று வேறு யாருமில்லாததால் கடிதத்தைத் தங்கள் மகனிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பிலோமேனா பழைய துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அந்தக் கையை நீட்டி, "இதுல என்ன மாமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத் தேதி கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். அவர் என் காலில் விழுந்தார், நில்டா அழுதாள், பிலோமேனா என்னோடு பேசினாள். இதற்குமேல் பேச்சை மாற்ற முடியாது. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. எனவே மேலே உள்ளதைப் பொருட்படுத்தாமல், அறுவடைக்குப் பின் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி குறிக்கவும்.

இன்னொரு பின்குறிப்பு: அடுப்புப் புகையில் தங்களுக்குக் கண் மங்கிவிட்டதென்றும், வருகிற கடிதமெல்லாம் மகன்தான் படித்துக் காட்டுவார் என்றும் நில்டா இப்போதுதான் சொல்கிறாள். மாப்பிள்ளை, முதல் பக்கத்திலிருந்து வேண்டாம், இங்கிருந்தே தொடங்குங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டால், எல்லாம் உருளைக்கிழங்கு விஷயம் என்று சொல்லிவிடுங்கள்.