பக்கி இருக்கும் இடம்

"பறவை எங்கய்யா?"

கண்ணாடிப் பெட்டியில் மூக்கு உரசக் குனிந்தபடி கேட்டார் அருங்காட்சியக இயக்குநர். திறப்பு விழாவுக்கு இரண்டு மணி நேரமே இருந்தது.

"அங்கதான் சார், சருகுக்கு நடுவுல," என்றார் காட்சிக்கூடக் கலைஞர்.

மூன்று மாத உழைப்பு. சாந்து பூசித் தரை அமைத்து, ஒவ்வொரு இலையையும் பசையில் முக்கி உலர்த்திச் சாயம் தீட்டி, ஒரு காய்ந்த காட்டையே பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தார். அதில் குடியேற வேண்டியது, தோலுக்குள் பஞ்சடைத்துப் பாடம் செய்த ஒரு பக்கி. பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சருகோடு சருகாகக் கிடக்கும் பறவை. பாடம் செய்து தரும் ஒரு பெண்மணியின் பட்டறையிலிருந்து பஞ்சு சுற்றிய பொட்டலத்தை இன்று காலையில்தான் அவசர அவசரமாக எடுத்துவந்து, பிரித்து வைத்திருந்தார்.

"தெரியாம இருக்கறதுதான் சார் இதோட விசேஷமே."

"அப்ப வெறும் பெட்டியையே வெச்சிருக்கலாமே! சிறப்பு விருந்தினர் கண்ணுக்குப் பறவை தெரியணும். இல்லன்னா நாளைக்கே இதுல பழைய பானைய வெச்சுடுவேன்."

இயக்குநர் போனதும் கலைஞர் பத்துச் சருகுகளைப் பிடுங்கினார். அடியிலிருந்த வெள்ளைச் சாந்து பல்லிளித்தது. பறவைமேல் விளக்கைத் திருப்பினார். சூட்டில் பசை இளகி, மீதிச் சருகெல்லாம் அப்பளம்போல் சுருண்டன. வீட்டுக்கு போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் மனைவி ஒரு சாக்கு நிறையச் சருகோடு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஒரு பக்கிக்கு இவ்வளவு பாடா? இந்தாங்க, கொல்லையில கூட்டி வெச்சது."

சருகைப் பரப்பிக் கண்ணாடியை மூடிய பிறகுதான், அதோடு வந்த எறும்புகள் வரிசை கட்டிப் புறப்பட்டன.

"எறும்புப் பொடி தூவிடவா?" என்றார் கலைஞர்.

"தூவினா பனிக்காடுன்னு பேரை மாத்தணும். பேசாம கண்ணாடியில ஒரு அம்புக்குறி ஒட்டுங்க. பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

ஒட்டினார். அவர் உயரத்துக்கு அம்பு பறவையைக் காட்டியது. மனைவி உயரத்துக்கு ஒரு வேரைக் காட்டியது. திரும்பி வந்த குள்ள இயக்குநர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, நல்லா கொழுகொழுன்னு இருக்கே!" என்றார்.

அவர் பார்த்தது கூழாங்கல்லை. கலைஞர் வேகமாகத் தலையாட்டினார்.

பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். அம்பு அவருக்கு எதைக் காட்டியதோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

"ஆகா! கழுத்தைச் சாய்ச்சுத் தூங்குது பாருங்க!"

கூட்டம் முண்டியடித்தது. "மூச்சு விடற மாதிரியே இருக்கு!" என்றார் ஒருவர். "எறும்பைக்கூட நகர்ற மாதிரி செஞ்சிருக்காரே!" என்று வியந்தாள் ஒரு பெண்மணி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அடுத்த கூடம் முழுக்க உங்க பொறுப்புதான்," என்று இயக்குநர் கலைஞரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாயிற்காவலர் ஒரு செருப்புப் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்து, கலைஞரின் காதோரம் குனிந்தார்.

"சார், பாடம் பண்ற அம்மா குடுத்துவிட்டாங்க. பக்கி இதுக்குள்ளதான் இருக்காம். காலையில நீங்க எடுத்துட்டு வந்தது அது உக்கார வேண்டிய கட்டையாம்."