கிழங்குப் பாத்திக்குச் செய்த மெஷின்

நோர்வூட்
18.11.2001

மரியாதைக்குரிய சவரிமுத்து மச்சானுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் இசபெலும் பிள்ளைகளும் சுகம். இறம்பொடையில் நீங்களும் அக்காவும் அதேபோல் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நீங்கள் கொடுத்த விதை உருளைக்கிழங்கு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் மெஷினைப் பற்றி எழுத வேண்டும்.

பனிமூட்டம் இறங்கிய மறுநாளே, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள எங்கள் பாத்தியில் கிழங்கு இலை கருகத் தொடங்கியது. உடனே மருந்து அடிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும். உங்கள் முதுகில் மாட்டுகிற மருந்து டேங்கியைக் கேட்டு ஆள் அனுப்பினேன். "இரவல் குடுத்தா பம்பு வாசர் தேஞ்சு போயிரும்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினீர்கள். கோபமில்லை மச்சான், நன்றிதான் சொல்கிறேன். நீங்கள் கொடுத்திருந்தால் நோர்வூட்டுக்கு இப்படி ஒரு மெஷின் கிடைத்திருக்காது.

இசபெல் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எங்கள் கல்யாணக் கட்டிலின் சட்டத்தைக் கழற்றி, அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகளை ஆணியடித்து, மேலே நீல டிரம்மையும், உதவாது என்று ஒருவர் தள்ளிவிட்ட தண்ணீர் மோட்டரையும் திருகாணியால் முடுக்கி, நீளமாக ஹோஸ் மாட்டினேன். கயிறு கட்டி இழுத்தால் சேற்றிலும் வழுக்கிக்கொண்டு வரும். முதுகு வலிக்காது. டேங்கி சுமக்கிற உங்கள் முதுகை நினைத்துச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.

மருந்து என்றால் மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே. துத்தம் வீணாகக் கூடாது என்று முதலில் சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். மோட்டர் பிடித்த வேகத்தில் ஹோஸ் கையை விட்டு எகிறி, பாத்தியைத் தவிர எல்லாவற்றையும் நனைத்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மாவின் சுவர் பாதி, அவள் காயப்போட்ட சேலை முழுவதும், வேடிக்கை பார்த்த கந்தப்பன் கங்காணியின் மீசை. சரி, இன்றைக்கு அடிதான் என்று நின்றேன். பேச்சியம்மா சுவரையே பார்த்தாள். தீபாவளிக்குச் சுவருக்கு அடிக்கத் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுத்திருந்தார்கள், அடிக்க ஆள்தான் வரவில்லை.

"ஏங்க, மிச்சப் பாதியையும் அடிச்சிட்டுப் போங்களேன்!" என்றாள்.

கங்காணி மீசையைத் துடைத்துக்கொண்டே, "அப்படியே நம்ம காம்பராவையும் பாத்துக்கங்க, பண்டிகைக்குச் சொந்தக்காரங்க வாராங்க" என்றார்.

நாலு பேர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல நம் குடும்பத்தில் யாருக்கு வாய் வரும்? எங்கள் லயம் முடிந்து கீழ் லயம், அது முடிந்து மாரியம்மன் கோயில் மதில் என்று போய்க்கொண்டே இருந்தது. பாலன் பிறக்கும் நத்தாருக்கு நம் கோயிலுக்கும் வரச்சொல்லி ஃபாதர் ஆள் அனுப்பியிருக்கிறார். இசபெல் மட்டும் தினமும், "கெழங்குக்கு எப்பங்க அடிப்பீங்க?" என்று கேட்டாள். நானும் தினமும், "நாளைக்கு" என்றேன்.

தீபாவளியன்று லயம் பளிச்சென்று நின்றது. எங்கள் வீட்டில், லயத்தார் கொண்டுவந்த பலகாரத் தட்டு வைக்க இடமில்லை. தோட்டத்துப் பெரிய துரையே ஜீப்பை நிறுத்தி, யார் அடித்தது என்று கேட்டார். கட்டில் போன நாளிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்திருந்த இசபெல் முன்னால் போய், "எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் டேங்கியையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் எல்லோரையும் ஆண்டவர் நோய்நொடியில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
மெஷின் இக்னேசியஸ்
(இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)

பி.கு.: இசபெல் பின்னால் நின்று வாசித்துவிட்டு, கிழங்கைப் பற்றி எழுதாமல் கடிதத்தை ஒட்டக்கூடாது என்கிறாள். கிழங்கு போய்விட்டது. சுண்ணாம்பு இறுகி மெஷினும் அடைத்துவிட்டது. ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சையாக நிற்கிறது. அது, நான் ஊர்ச் சுவருக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்தபோது, இசபெல் வாளியில் மருந்தைக் கலக்கி விளக்குமாற்றால் தெளித்த வரிசை. அதையாவது காப்பாற்ற உங்கள் டேங்கியைச் சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்பவும். என் பெயருக்கு வேண்டாமாம், இசபெல் பெயருக்கு அனுப்பச் சொல்கிறாள்.