முட்டை மேடமும் சைவ வீடும்

இத்தனை முட்டை வாங்கியும் ஒரு வாய்கூடத் தின்னாத மனுஷி, உலகத்திலேயே எங்கள் முட்டை மேடம் ஒருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி அவருடைய ஒப்பந்த வேலையைப் பறித்ததும், வாடகை வீட்டு முன்னறையிலேயே புரதப் படிகவியல் வகுப்பு நடத்த ஆரம்பித்துவிட்டார். மாணவர்கள் நான், தையல்கார பாய், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். கட்டணம் கிடையாது, டீ உண்டு. டீக்காகத்தான் போனோம் என்றால் அது பாதி உண்மை.

வெள்ளைக்கருவில் உப்பும் வினிகரும் கலந்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைப்பார். என் பிரஷர் மாத்திரையின் காலி அட்டைக் குழியில் உப்புத் தண்ணீர். சொட்டு தலைகீழாகத் தொங்கும்படி கண்ணாடியைக் குழிமேல் கவிழ்த்து மூடி, சுற்றிலும் வாசலின் களிம்பு பூசி, அட்டையை ஒரு தட்டில் வைப்பார். சொட்டு மெல்ல வற்றினால் புரதம் வரிசைகட்டிப் படிகமாகும். ஆட்டினால் போச்சு.

"எம்புட்டு நாளாகும் மேடம்?" என்றார் பாய்.

"அது மனசு வைக்கணும் பாய். செத்த நேரம் தும்மாம இருங்க."

பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாடம் கேட்டார்.

ஆனால் வீடு 'சைவம் மட்டும்' என்று சொல்லி வாடகைக்கு விட்ட வீடு. மேடம் முட்டை ஓடுகளைக் கைப்பையில் ஒளித்துப் போய் பஸ் ஸ்டாண்டில் கொட்டுவார். ஒருநாள் பை அறுந்து எல்லாம் வாசலிலேயே சிதறியது. வீட்டுக்காரர் குதித்தார். அவர் ராஜபாளையம் போனால் டபுள் ஆம்லெட் தின்பது தெருவுக்கே தெரியும். கேட்டால், "அது வெளியூருல்லா" என்பார்.

"ஏம்மா, சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிரணும்!"

"பண்ணுதேன் அண்ணாச்சி. இந்தத் தட்டு மட்டும் மூணு நாள் இங்கனயே இருக்கட்டும். இப்பத்தான் ஓரத்துல ஊசி மாதிரி தெரியுது. தூக்குனா கலைஞ்சிரும்."

"மொதல்ல அதத் தூக்கு!"

நாங்கள் நால்வரும் கெஞ்சிப் பார்த்தோம். தெரு கதவைச் சாத்திக்கொண்டது. முந்தின நாள்வரை பிள்ளைகளின் கணக்குக்கு மேடத்தையே நம்பியிருந்த தெரு அது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

சாமான்களோடு ராஜபாளையத்துக்கே வீடு மாறக் கிளம்பிய லோடு ஆட்டோவில் தட்டை மடியில் ஏந்தி உட்கார்ந்தார் மேடம். ராஜபாளையம் ரோட்டின் லட்சணம் தெரியாதா? பாய் ஸ்கூட்டரில் முன்னே போய், குழி வரும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் கலைஞ்சிருச்சு அண்ணாச்சி. பாய்கிட்ட சொல்லிராதீய, அவிய வருத்தப்படுவாவ."

தெரு இப்போது சுத்தமாகிவிட்டதாம். வீட்டுக்காரர் சொல்லிப் பூரிக்கிறார். அந்தச் சுத்தத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள். எனக்கு எங்கள் மேடம் வேண்டும்.