முனியம்மா கொன்ற புலி

பிள்ளைகளே, பயங்கரக் கதை எழுதுகிறவன் தைரியசாலி என்று ஊர் நினைக்கிறது. உங்கள் அப்பாவாகிய நானோ இருட்டினால் கொல்லைப்பக்கம்கூடத் தனியாகப் போகமாட்டேன். (சிரிக்க வேண்டாம்.)

அப்போது நான் லாபிஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீசில் கணக்கெழுத்து, மிச்ச நேரத்தில் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றில் என் முதல் தொடர்கதை. ஆளடிக்கும் புலியை ஒரு கிராணி வேட்டையாடுகிறான். நிஜம் போலிருக்கட்டும் என்று எங்கள் தோட்டத்துப் பெயரையே போட்டேன். ஆற்றோர ரப்பர்க் காட்டில் புலி பதுங்கியிருக்க, 'தொடரும்' என்று நிறுத்தினேன்.

எங்கள் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ரப்பர் விலை, ஊர்ச் செய்தி, அதே மூச்சில் என் புலி. செய்தி எது, கதை எது என்று யார் பிரித்துச் சொன்னார்கள்?

அந்தப் பகுதியைப் படித்த மறுநாள் விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். ஆற்றோரக் காட்டுக்கு மட்டும் ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறினால் மரத்தில் பால் இறங்காது. தோட்டத்தை நடத்தும் துரை என் பக்கம் திரும்பினார்.

"கிராணி, உன் புலி. இன்னிக்குப் பால் வரல்லே, நாளைக்கு நீ வரவேணாம்."

"ஐயோ, அது கதைங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பால்வெட்டும் முனியம்மா முன்னால் வந்தாள். "கதையாவே இருக்கட்டுங்க ஐயா. இப்ப அது எங்க இருக்கு?"

"ஆத்தோரத்துல..."

"அப்ப கொன்னுட்டுச் சொல்லுங்க. போறோம்."

வேறு வழியில்லை. துரை பார்த்துக்கொண்டிருக்க, கதையை நின்ற இடத்திலேயே முடிக்க ஆரம்பித்தேன். கிராணி துப்பாக்கியைத் தூக்கினான், குறி பார்த்தான்...

"அலமாக்! கிராணியா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "அட்டை கடிச்சதுக்கே மயங்கி விழுந்தவராச்சே!"

கூட்டம் சிரித்தது. "சரி, யாருதான் கொல்லணும்?" என்று கெஞ்சினேன்.

முனியம்மா தன் பால்வெட்டுக் கத்தியைக் காட்டினாள். "தெனமும் அங்க போறவ நான்தானே?"

கதையில் புலியை அவள் கையாலேயே கொன்றேன். "இன்னொரு குத்து" என்றார்கள், அதையும் குத்தினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். என் வேலை தப்பியது.

நான் மேசைமுன் உட்கார்ந்து ஜோடித்த பயத்துக்குள் அவர்கள் தினமும் நடந்து போகிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த அத்தியாயத்தைச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

அதுமுதல் என் நாவல்களில் கடற்கொள்ளைக்காரனோ கள்ளக்கடத்தல்காரனோ, கடைசி அடி பெண்பிள்ளை கையால்தான். வாசகர்கள் புதுமை என்கிறார்கள். உங்கள் அம்மாவோ நான் பேனாவை எடுத்தாலே, "கொல்ற வேலை வந்தா முனியம்மாவைக் கூப்பிடுங்க, நீங்க நடுவுல போயி நிக்காதீங்க" என்கிறாள்.